கடைக்குட்டிக்கு எத்தனை வாய்? ஒரு பைரிக் கூட்டை எட்டாம் வகுப்பு கவனித்த 10 வாரம்

அக்டோபர் 15, புதன்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "பெரியது 24 வாய். நடு 13 வாய். கடைக்குட்டி 4 வாய்." அதற்குக் கீழே பென்சிலால், வேறு கையெழுத்தில்: "இது செத்துரும்."

அந்த நோட்டு எங்கள் பள்ளியினுடையது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழி எட்டாம் வகுப்பு. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்ச் சாலை. வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பாடப்புத்தகம் கேரள அரசு அச்சிட்ட தமிழ். நான் இங்கே உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பர் 9 முதல் நவம்பர் 21 வரை, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நகரத்து உயரமான கட்டடத்தின் விளிம்பில் குஞ்சு வளர்த்த, பைரி என்ற வேட்டைப் பறவையின் ஒரு ஜோடியைக் கூட்டுக் கேமரா வழியாகப் பார்த்தோம். அந்தப் பென்சில் வரி எப்படி வந்தது, அது எங்கே தவறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஆஸ்திரேலியா

பைரி உலகம் முழுக்க இருக்கிற பறவை. பறவை நூல்களில் பொரி வல்லூறு என்று இருக்கும். பைரி என்ற பெயரை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன். அவன் அண்ணன் பந்தயப் புறா வளர்க்கிறார். படத்தைத் திரையில் போட்டதுமே, "டீச்சர், அது பைரிங்க. எங்கண்ணன் புறாவ அடிச்சது இதுதான்" என்றான். குரலில் கோபம் இருந்தது. புறா வளர்ப்பவர்களுக்கு இது எமன். மேலே ஏறி நின்று இறக்கையை ஒடுக்கிக்கொண்டு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும் பறவை இது. உயிரினங்களில் இதைவிட வேகமானது இல்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளிலும் இதே இனத்தின் ஒரு வகை கூடு வைக்கிறது. ஷாஹீன் என்பார்கள், வயிற்றுப்பக்கம் செம்பழுப்பாக இருக்கும். வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் நெல்லியாம்பதி மலை தெரியும். "அங்கயே போய்ப் பாக்கலாமே டீச்சர்" என்று கேட்டார்கள். கூடாது என்றேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. கூடு இருக்கும் பாறைக்குக் கீழே 30 பேர் போய் நின்றால் தாய் எழுந்து போய்விடும், முட்டை குளிர்ந்துவிடும். கேமரா அந்தத் தொந்தரவைத் தராது.

வட நாடுகளில் இருக்கும் கூட்டுக் கேமராக்களில் முட்டையும் குஞ்சும் மார்ச் முதல் ஜூன் வரை. எங்களுக்கு அது பரீட்சையும் கோடை விடுமுறையும். ஆஸ்திரேலியாவில் வசந்தம் தலைகீழ்: ஆகஸ்ட் கடைசியில் முட்டை, அக்டோபரில் குஞ்சு, நவம்பரில் பறத்தல். ஓணப் பரீட்சைக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் நடுவில் கச்சிதமாக உட்காரும். அங்கே நகரத்துக் கட்டடங்களில் பைரி கூடு வைப்பது புதிதும் இல்லை. மெல்பர்ன் காலின்ஸ் தெருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 1990-களின் தொடக்கம் முதலே இருந்துவருகின்றன. பைரிக்கு உயரமான கட்டடம் என்றால் பாறைதான். கீழே புறா நிறைந்த பாறை.

பார்த்த விதம்

ஹைடெக் பள்ளித் திட்டத்தில் வந்த புரொஜெக்டரும் லேப்டாப்பும் வகுப்பிலேயே இருந்தன. காலை 11:20-க்கு 10 நிமிட இடைவேளை. அதுதான் எங்கள் நேரம். அங்கே அப்போது பிற்பகல். இரண்டிரண்டு பேராக முறை வைத்து எழுதினார்கள்: நேரம், கூட்டில் யார், என்ன செய்கிறது. "பாவம்", "கோபமாக இருக்கிறது" போன்றவற்றை எழுதக்கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதணும் என்பது ஒரே விதி. அந்த விதியை எல்லோரும் மீறினார்கள், நான் உட்பட.

சரளைக்கல் பரப்பிய ஒரு தட்டு. பைரி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. நெஞ்சால் கல்லைத் தள்ளி ஒரு குழி பறிக்கும், அவ்வளவுதான். செங்கல் நிறத்தில் 4 முட்டை. பெண் பெரிது, ஆண் அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிது. ஆண் அடைகாக்க வரும் முறையில் அது நன்றாகத் தெரிந்தது. தாய் உட்கார்ந்தால் 4 முட்டையும் மறைந்துவிடும். அவன் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் ஒரு முட்டை எட்டிப் பார்க்கும். எழுவான், காலை மாற்றி வைப்பான், நெஞ்சை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுபடி உட்காருவான். இன்னொரு பக்கம் முட்டை தெரியும். ஒரு மாணவி இதை மூன்று நாள் தொடர்ந்து படமாக வரைந்து வைத்திருக்கிறாள். அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் அந்தப் படங்களுக்கு வேலை வந்தது.

பூஜை நாளில் பொரிந்தது

முட்டை இட்டு ஏறக்குறைய 33 நாள். கணக்குப் போட்டால் அக்டோபர் 1-ஐ ஒட்டி வந்தது, சரியாக சரஸ்வதி பூஜை. புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை எடுக்கக்கூடாது. கவனிப்பு நோட்டையும் பிள்ளைகள் பக்தியோடு பூஜையில் வைத்துவிட்டார்கள். ஆகவே குஞ்சு பொரிந்த விவரம் மட்டும் நோட்டில் இல்லை. என் வீட்டு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

பூஜைக்கு முதல் நாள் மாலையே ஒரு முட்டையில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். தாய் எழுந்து தலையைச் சாய்த்து முட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்து குஞ்சு கத்தும், அதைக் கேட்கிறாள். மறுநாள் அவள் எழுந்தபோது ஈரமான இரண்டு வெள்ளை உருண்டைகள். உடைந்த முட்டை ஓட்டை அலகால் ஓரமாகத் தள்ளினாள். அக்டோபர் 2 காலையில் மூன்றாவது. நான்காவது முட்டை அப்படியே இருந்தது.

முதல் ஊட்டலை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆண் கொண்டுவந்த இரையைக் காலுக்கடியில் அழுத்திக்கொண்டு, அரிசி அளவுக்கு ஒரு துண்டைக் கிழித்தாள். அதை அலகின் நுனியில் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாள். குஞ்சின் கழுத்து நிற்கவில்லை, ஆடி ஆடி வேறு பக்கம் போகிறது. அவள் அசையவில்லை. அந்தத் தலை தடுமாறி வந்து அலகில் முட்டும்வரை காத்திருந்தாள். கண்ணைத் தவிர வேறெதுவும் அசையாமல், 7 விநாடி. ஒரு புறாவை நொடியில் அடித்துக் கிழிக்கிற அலகு அது.

கடிகாரம் செய்த குழப்பம்

அக்டோபர் 6, திங்கட்கிழமை. பிள்ளைகள் எழுதியது: "அம்மா ஊட்டும் நேரத்தை மாற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை 3:50. இன்று 4:50." மூன்று பேர் மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். குஞ்சு வளர்ந்ததால், இரை கிடைக்காததால், வெயில் கூடியதால்.

நாங்கள் கேமரா படத்தின் மூலையில் ஓடும் அந்த ஊர் நேரத்தை எழுதி வந்தோம். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க்காரர்கள் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் 4:30 மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்று முதல் 5:30 ஆனது. பறவை எப்போதும் போல வெயில் சாயும் கணக்கில்தான் இருந்தது, எங்கள் கடிகாரத்தில் அதே 11:20. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்தது நான் இல்லை, வகுப்பின் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்து எழுதி வந்த ஒரு பையன்.

அந்த 4 வாய்

அப்புறம் அக்டோபர் 13, 14, 15. குஞ்சுகளுக்கு 12 நாள். உடம்பில் அடையாளம் எதுவும் இல்லாததால் அளவை வைத்துத்தான் பெயர்: பெரியது, நடு, கடைக்குட்டி. தாய் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் ஒரு வாய் என்று வைத்து ஐந்தைந்து கோடாகப் போட்டார்கள். மூன்று நாளும் கடைக்குட்டி கடைசி. புதன்கிழமை மொத்தம் 41 வாயில் அதற்கு 4.

"டீச்சர், அதுக்கு மட்டும் குடுக்கவே மாட்டேங்குது." சொன்ன பிள்ளை அழுதுவிட்டாள். அவள் வீட்டில் மூன்றாவது பெண், அதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேமரா வைத்திருப்பவர்களுக்கு எழுதி அந்தக் குஞ்சை எடுத்துத் தனியாக ஊட்டச் சொல்லணும் என்று வகுப்பு முழுக்க ஒரே குரல். எனக்கும் மனம் தாங்கவில்லை. கடிதத்தின் முதல் வரியை நான் எழுதிவிட்டேன்.

அதைத் தடுத்தது புறாக்காரனின் தம்பி. "டீச்சர், பெல் அடிக்கறப்ப அது சாப்பிட்டுத்தான இருந்துச்சு?"

ஆமாம். 11:20-க்குத் தொடங்கும் இடைவேளை 11:30-க்கு முடிந்துவிடும். மணி அடித்ததும் புரொஜெக்டரை அணைத்துவிடுவோம். தாய் அப்போதும் கிழித்துக்கொண்டுதான் இருப்பாள். பந்தியில் முதல் வரிசை எழும்புவதற்குள் நாங்கள் கிளம்பிப் போய், கடைசி வரிசைக்குச் சோறே போடவில்லை என்று எழுதியிருந்தோம்.

நேரலையைச் சில மணி நேரம் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. மறுநாள் முதல் 8 பேர் காலை 9:15-க்கே வந்தார்கள். அங்கே விடியற்காலை ஊட்டல் நமக்கு நள்ளிரவு தாண்டி நடந்திருக்கும். அதையும், மாலை ஊட்டலை முழுதாகவும் பார்த்தார்கள். ஊட்டல் 10 நிமிடத்தில் முடிவதே இல்லை. 15, 20 நிமிடம்கூடப் போகிறது. நடப்பது இதுதான்: திறந்த வாய்களில் எது பக்கத்தில், எது உயரத்தில் இருக்கிறதோ அதற்கு முதலில் போகும். பெரியது வாங்கி வாங்கி, கழுத்துக்குக் கீழே தீனிப்பை பந்து போலப் புடைத்ததும் அப்படியே சாய்ந்து தூங்கிவிடும். வீட்டில் கோழி வளர்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பை நன்றாகத் தெரியும், மேயப்போன கோழி சாயங்காலம் வந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தானே. பெரியது சாய்ந்ததும் நடு முன்னே வரும். கடைசியில் கடைக்குட்டி மட்டும் தாய்க்கு எதிரே தனியாக உட்கார்ந்து வாங்கும்.

முழுதாகப் பார்த்த 9 ஊட்டல்களின் கூட்டு: பெரியது 171, நடு 158, கடைக்குட்டி 149. ஒரு விடியற்காலை அதுதான் முன்னால் படுத்திருந்தது, அன்று எல்லோரையும்விட அதிகம் வாங்கியது அது. பைரிக் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்வது அரிது. சில கழுகு இனங்களில் அது வழக்கம். பிள்ளைகள் எங்கோ பார்த்திருந்த கழுகுப் படம் மனதில் நின்றுவிட்டது.

கடிதம் போகவில்லை. பென்சில் வரியை அழிக்கவா என்று எழுதியவள் கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

பொரியாத முட்டை

நான்காவது முட்டை கல்லில் பாதி புதைந்து, எச்சம் பட்டு, கடைசிவரை கிடந்தது. இதற்கும் காரணம் தேடினார்கள். பாடத்தில் பூச்சிக்கொல்லி வருவதால் உடனே விஷம் என்றார்கள்.

அந்தக் கதையை நான் அரை நாள் சொன்னேன், சொல்லவேண்டிய கதை. 1967-இல் டெரிக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து எடைபோட்டு, 1947-ஐ ஒட்டி பைரி முட்டை ஓடு திடீரென மெலிந்திருப்பதைக் காட்டினார். காரணம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. அது வயலில் இருந்து பூச்சிக்கு, பூச்சியில் இருந்து சிறு பறவைக்கு, அதில் இருந்து பைரிக்கு. ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். உடம்பில் அது மாறி உண்டாகும் பொருள், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போவதைத் தடுக்கும். அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960-களின் நடுவில் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 1972-இல் அங்கே டிடிடிக்குத் தடை. கூண்டில் வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் விட்டு, 1999-இல்தான் அழிவுப் பட்டியலில் இருந்து பைரியை எடுத்தார்கள். நம் நாட்டில் விவசாயத்துக்கு அதைத் தடை செய்தது 1989-இல். அது தயாரான இடங்களில் ஒன்று நம் கேரளத்தின் ஏலூர் என்றபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஆனால் எங்கள் முட்டை நொறுங்கவில்லை. ஓடு முழுசாக இருந்தது. அந்தப் பெரிய கதையை இந்த முட்டையின் மேல் ஒட்ட முடியாது. கரு கூடாத முட்டையும் நடுவிலேயே நின்றுபோன கருவும் எந்தக் கூட்டிலும் உண்டு. வீட்டுக் கோழிக்கு அடை வைத்தால் கூமுட்டை விழாதா? நோட்டில் "பொரியவில்லை. உடையவில்லை" என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

சின்னது ஏன் சின்னதாகவே இருந்தது

அக்டோபர் கடைசியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இடி விழுந்தால் கரண்ட் போகும். 4 நாள் பக்கம் காலி. அங்கேயோ நல்ல வெயில். ஒரு மதியம் குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தாய் வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் பாதி விரித்துக் குடை பிடித்தது போல நின்றாள். தன் நிழலில் மூன்றையும் வைத்துக்கொண்டு 50 நிமிடம்.

மூன்றே கால் வாரத்தில் வெள்ளைப் பஞ்சுக்குள் இருந்து கறுப்பு இறகு முளைத்தது. இப்போது ஒரு புது சிக்கல். வாய்க்கணக்கு கிட்டத்தட்டச் சமம், ஆனால் கடைக்குட்டி இன்னும் சிறிதாகவே இருந்தது. கால் மெலிசு, தலை சிறிது. ஒரு நாள் பிந்திப் பிறந்த வித்தியாசம் இத்தனை நாள் நீடிக்குமா?

அப்போதுதான் அந்த மாணவி தன் பழைய படங்களை எடுத்து வந்தாள். அடைகாக்கும் அப்பா, ஓரத்தில் எட்டிப் பார்க்கும் முட்டை. "டீச்சர், இது ஆம்பளப் பிள்ளையா இருக்குமோ?"

வகுப்பில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது. ஆண் பைரி பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறிது. ஐரோப்பாவில் வேட்டைக்காக இப்பறவையைப் பழக்கியவர்கள் ஆணுக்கு வைத்த பழைய பெயர் மூன்றில் ஒன்று என்ற சொல்லில் இருந்து வந்தது. கூட்டில் இருக்கும்போதே அந்த வித்தியாசம் தெரியும். நாங்கள் நோஞ்சான் என்று அழுதது, ஆண் பிள்ளைக்கு உரிய சரியான அளவாக இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. உடம்பு சிறிது என்பதால் ஆண் குஞ்சு சீக்கிரம் பறக்கும். பெண் குஞ்சுக்குச் சில நாள் கூடுதலாக வேண்டும். அப்படியானால் கடைசியாகப் பிறந்தது முதலில் பறக்கணும். நவம்பர் 3 அன்று இதைக் கரும்பலகையில் எழுதித் தேதி போட்டோம்.

நவம்பர் 10, திங்கள். காலையில் வந்து பின்னோக்கி ஓட்டினார்கள். விளிம்பில் மூன்றும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன, பஞ்சு பறந்தது. ஒரு காற்று வந்தது. கடைக்குட்டியின் கால் கல்லை விட்டது. ஒரு நொடி கேமராவின் ஓரத்தில் ஒரு இறக்கை, அவ்வளவுதான். வயது 39 நாள்.

கேமராவுக்குத் தெரிவது அந்த விளிம்பு மட்டும். விழுந்ததா, பறந்ததா? அன்று முழுக்க வகுப்பு நடத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தாய் இரையோடு வந்து, கூட்டில் இறங்காமல், முன்னால் பறந்து போனாள். எங்கோ வெளியே ஒரு குஞ்சின் கத்தல். புதன், நவம்பர் 12. பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 1933-இல் அவர் பறவைக் கணக்கெடுத்த கொச்சி சமஸ்தானத்தில் எங்கள் சித்தூரும் சேர்த்தி. பேச்சை முடிக்கவில்லை, பின்னால் இருந்து கூச்சல். திரையில், விளிம்பின் கோடியில், உச்சந்தலையில் மட்டும் ஒரு துளி வெள்ளைப் பஞ்சு ஒட்டியபடி, கடைக்குட்டி நின்றுகொண்டு தானே கிழித்துச் சாப்பிட்டது. அழுத பிள்ளை எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

நடு 13-ஆம் தேதி பறந்தது. பெரியது 15-ஆம் தேதி, சனிக்கிழமை.

நவம்பர் 21-இன் பக்கம்: "கல். முட்டை. ஒரு பச்சை இறகு. பறவை இல்லை. வெளியே சத்தம் இருக்கிறது."

திங்கட்கிழமை புறாக்காரனின் தம்பி தனியாக ஒரு தாளைக் கொண்டுவந்து நோட்டுக்குள் வைத்தான். குளிர்காலத்தில் வடக்கே இருந்து பைரிகள் நம் சமவெளிக்கும் வரும். "ஞாயிறு காலை 7:10. எங்க வீட்டுக்குப் பின்னால டவர் மேல ஒன்னு. பெருசு, அதனால பொண்ணு. ஏதோ புறாவப் பிச்சுது, எங்க புறா இல்ல, எண்ணிட்டேன். 11 வாய். அப்புறம் பறந்துருச்சு."